நெஞ்சறிந்த பொய்யும் நெஞ்சறியாப் பொய்யும்

எங்கள் தந்தையார் காலமான இரவில் அவருக்குக் கடைசியாகத் தண்ணீர் வார்த்தவன் நானே என்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நான் நம்பியிருந்தேன். ஐப்பசி அடைமழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்ததும், கூடத்து மூலையில் திரியைத் தாழ்த்தி வைத்திருந்த அரிக்கேன் விளக்கு கரி பிடித்து எரிந்ததும், நான் சாய்த்துப் பிடித்த பித்தளைச் செம்பின் விளிம்பில் அந்த வெளிச்சம் ஒரு கோடாக மினுங்கியதும், வார்த்த நீரில் பாதி உள்ளே இறங்காமல் கழுத்து வழியாக ஓடித் தலையணையை நனைத்ததும் நேற்று நடந்தவைபோல் என் மனக்கண்முன் நின்றன. அப்பொழுது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. தம்பியோ, அந்தச் செம்பைப் பிடித்தது தன் கையே என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தான். உயிர் பிரியும் வேளையில் தந்தைக்கு நீர் வார்ப்பது பிள்ளைக்குக் கிடைக்கும் பெரும் பேறு என்று கருதும் குடும்பத்தில் பிறந்தவர்கள் ஆகையால், இது எங்களுக்குள் அற்ப விஷயமாக இருக்கவில்லை. ஒரு திதியன்று, பந்தியில் உறவினர் பலர் அமர்ந்திருக்க, நான் அந்த இரவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அண்ணா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று தம்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். நானும் பதிலுக்கு அவனைப் பொய்யன் என்றேன். அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் ஒருவர் வீட்டு வாசற்படியை மற்றவர் மிதிக்கவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அத்தை மகள் இறந்தபின், அவள் வீட்டுத் தகரப்பெட்டியில், பழைய கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பியோடு கூடவே ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. தந்தையார் இறந்த மூன்றாம் நாள் அத்தை தன் மகளுக்கு எழுதியது அது. பொழுது சாய்ந்ததுமே பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டிற்கு அனுப்பிச் சோறு போட்டு அங்கேயே படுக்க வைத்ததையும், பின்னிரவில் தானே தமையனுக்குத் தண்ணீர் வார்த்ததையும், விடிந்தபிறகே பிள்ளைகளை எழுப்பி அழைத்துவந்ததையும் அத்தை தன் நெருக்கமான எழுத்தில், அட்டையின் ஓரத்தைக்கூட வீணாக்காமல், எழுதியிருந்தாள். நானும் அங்கே இல்லை. தம்பியும் அங்கே இல்லை.

அட்டையைப் படித்து முடித்ததும் என் மனத்தில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நாங்கள் இருவரும் இத்தனை காலம் பொய் சொன்னோமா? வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில், ஒருவன் தன் உள்ளம் அறிந்த ஒன்றை மறைத்துப் பேசலாகாது என்றும், பேசினால் பின்னர் அவனை வருத்துவது வேறு தண்டனையன்று, அந்த உள்ளமே என்றும் கூறுகிறார். உண்மை உள்ளத்தைப் பற்றியது, வாய்மை வாயைப் பற்றியது, மெய்ம்மை மெய்யைப் பற்றியது என்று பண்டிதர்கள் பிரித்துச் சொல்வதும் இதே கருத்தைத் தழுவியதுதான்: உள்ளத்தில் இருப்பதை வாய் மாற்றாமல் சொன்னால் அது வாய்மை. இந்த அளவுகோலால் அளந்தால் நான் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. என் நெஞ்சும் என்னைச் சுடவில்லை. ஆனால் நெஞ்சையே சாட்சியாக நிறுத்துகிற அறத்தில், அந்தச் சாட்சியே தான் காணாததைக் கண்டதாக மனமாரச் சொல்லுமானால், நாம் எந்த மன்றத்திற்குப் போவது?

இக்கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் சென்ற நூற்றாண்டில் வளர்ந்த ஒரு சாஸ்திரத்தைக் கடந்து செல்ல முடியாது. அறிதல் உளவியல் என்று அதற்குப் பெயர். மனிதன் எப்படிக் காண்கிறான், கண்டவற்றுள் எதைக் கவனிக்கிறான், கவனித்ததை எவ்வாறு ஞாபகத்தில் வைக்கிறான், ஞாபகத்திலிருந்து எவ்வாறு மீட்கிறான், மீட்டதைக்கொண்டு எவ்வாறு முடிவு செய்கிறான் என்பவற்றைத் தியானத்தாலோ ஊகத்தாலோ அன்றிச் சோதனையால் ஆராய்வது அதன் தொழில். 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் மனத்தை ஆராயச் சோதனைச்சாலை நிறுவினார். பிறகு அமெரிக்காவில் வாட்சனும் ஸ்கின்னரும் வந்து, கண்ணுக்குத் தெரிகிற நடத்தையே ஆராய்ச்சிக்குரியது, மனம் என்பதைப் பற்றிப் பேசுவது விஞ்ஞானமன்று என்று சொல்லி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மனத்தைச் சாஸ்திரத்திற்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். 1950-களில் அது மறுபடியும் உள்ளே வந்தது. 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய நூலின் தலைப்பே இத்துறையின் பெயராக நிலைத்தது. வரலாறு இந்த அளவில் போதும். நமக்கு வேண்டியது ஞாபகத்தைப் பற்றி அவர்கள் கண்டது.

ஞாபகம் என்றதும் நாம் ஒரு பெட்டகத்தை நினைக்கிறோம். உள்ளே போட்ட பொருள் நாளடைவில் துருப்பிடிக்கலாம், காணாமலும் போகலாம். ஆனால் போடாத பொருள் அதில் முளைக்காது என்பது நம் எண்ணம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மீதே சோதித்து 1885-இல் வெளியிட்ட கணக்கும் இந்தப் பெட்டகக் கருத்துக்கு விரோதமில்லாதது: ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது. கேம்பிரிட்ஜில் இருந்த பிரெடரிக் பார்ட்லெட் என்பவரோ பெட்டகத்தையே உடைத்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஒரு கதையை, ஆவிகள் போர் செய்யும் கதையை, அவர் ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்து, சில நாட்களும் சில மாதங்களும் கழித்து அதைத் திரும்ப எழுதச் சொன்னார். அவர்கள் மறந்ததைக் காட்டிலும் மாற்றியதே அவர் கவனத்தை ஈர்த்தது. மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. ஆங்கிலேயர் மனத்திற்கு ஒவ்வாத ஆவிகள் மெல்ல விலகிப் போயின. எழுதியவர்கள் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்நியமான ஒன்றைத் தங்களுக்குப் பொருள்படும் ஒன்றாக மாற்றாமல் அவர்களால் நினைக்க முடியவில்லை, அவ்வளவே. நினைத்தல் என்பது எடுத்தல் அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல் என்று 1932-இல் வெளியான தம் நூலில் பார்ட்லெட் முடிவு கூறினார்.

அப்படிக் கட்டும்போது செங்கல் எங்கிருந்து வருகிறது? பாதி நாம் கண்டதிலிருந்து. மீதி, பிறர் நம்மிடம் கேட்கும் கேள்வியிலிருந்தும் சொல்லும் சொல்லிலிருந்தும் வருகிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனை இதை வெட்டவெளிச்சமாக்கியது. மோட்டார் வண்டிகள் மோதும் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, வண்டிகள் எத்தனை வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "ஒன்றை ஒன்று தொட்டபோது" என்று கேள்வி அமைந்தால் மணிக்கு ஏறத்தாழ 32 மைல் என்றும், "மோதி நொறுங்கியபோது" என்று அமைந்தால் ஏறத்தாழ 40 மைல் என்றும் சராசரி விடை வந்தது. இவ்வளவில் நின்றிருந்தால் மதிப்பீட்டுப் பிழை என்று விட்டுவிடலாம். ஒரு வாரம் கழித்து வேறொரு கூட்டத்து மாணவர்களிடம், படத்தில் உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் கண்டோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வினைச்சொல் ஒரு வாரத்திற்குள் கண்ணாடித் துண்டுகளாகிவிட்டது.

நம் வீடுகளில் இச்சோதனை நாள்தோறும் நடக்கிறது. "அவள் உன்னை முறைத்தாளே, அப்போது நீ என்ன செய்தாய்?" என்று தாய் மகளிடம் மாமியாரைப் பற்றிக் கேட்கிறாள், மறுவாரம் அந்த முறைப்பு மகளின் ஞாபகத்தில் முகத்தோடும் புருவத்தோடும் இடம்பெற்றுவிடுகிறது. "அவன் உன்னை அடித்தானா?" என்று பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த குழந்தையைக் கேட்கிறோம், "என்ன நடந்தது?" என்று கேட்பதில்லை. என் விஷயத்திலும், தந்தையார் இறந்தபின் வந்தவர்களெல்லாம், "கடைசியில் பிள்ளை கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாரா?" என்று கேட்டிருப்பார்கள், "ஆம், குடித்தார்" என்று, பிள்ளைகளின் மனம் நோகாதிருக்க, யாரேனும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்வியிலும் அந்த விடையிலும் இருந்தே இரண்டு செம்புகள் பிறந்தன என்று இப்போது ஊகிக்கிறேன்.

மிகுந்த துக்கமும் அதிர்ச்சியும் தந்த நிகழ்ச்சிகளாவது அப்படியே பதிந்திருக்கும் என்று சொல்வாருண்டு. 1986 ஜனவரி 28-ஆம் நாள் சாலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே நைசரும் அவருடைய மாணவி ஒருவரும், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரைத் தேடி அதே கேள்விகளைக் கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. தவறாகச் சொன்னவர்கள் தயங்கிச் சொன்னார்களா என்றால், இல்லை. நிச்சயத்திற்கும் சரிக்கும் சம்பந்தமே காணப்படவில்லை. அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளை எடுத்துக் காட்டியபோதும் புதிய ஞாபகம் கலையவில்லை. நைசருக்கே இத்தகைய அனுபவம் ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 7-ஆம் நாள், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, பதின்மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த தாம் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், ஆட்டத்தை நிறுத்திச் செய்தி சொன்னதாகவும் அவர் பல்லாண்டுகள் நினைத்திருந்தார். டிசம்பர் மாதத்தில் அந்நாட்டில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது ஒருநாள் திடீரென்று அவருக்கு உறைத்தது. அத்துறைக்குப் பெயர் வைத்தவருக்கே இப்படியானால் நம்மைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போகக்கூடிய விஷயமல்ல இது. 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பர்லிங்டன் என்ற ஊரில், இரவில் வீடு புகுந்த ஒருவனால் ஒரு கல்லூரி மாணவி கொடுமைக்கு ஆளானார். உயிர் பிழைத்தால் அவனைச் சிறைக்கு அனுப்பியே தீர்வது என்ற வைராக்கியத்தோடு, அந்த நேரத்திலும் அவன் முகத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். பிறகு காவலர் காட்டிய புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தைத் தேர்ந்தார்; அதன்பின் ஆட்களை வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே காட்டினார்; படத்தில் காட்டிய ஆளையே நேரிலும் காட்டியிருக்கிறீர்கள் என்று காவலர் சொன்ன சொல் அவர் நிச்சயத்தைப் பாறையாக்கியது. 1987-இல் மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே மன்றத்தில் அவர்முன் நிறுத்தினார்கள். இவனை நான் கண்டதேயில்லை என்றார். 1995-இல் டி.என்.ஏ. சோதனை காட்டன் நிரபராதி என்று நிரூபித்தபோது அவர் பத்தரை ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். அந்தப் பெண்மணி காட்டனை நேரில் சந்தித்துக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார், அவரும் மன்னித்தார், 2009-இல் இருவரும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கலக்குவது ஒன்று: சோதனை முடிவை அறிந்த பின்னரும் நெடுநாள் தம் கனவில் வந்தது காட்டனின் முகமே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் பொய் சொன்னாரா? நெஞ்சறிந்த பொய் என்னும் அளவுகோலில் அவர் மாசற்றவர். வள்ளுவர் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறருக்குத் தீமை சிறிதும் விளைக்காத சொல்லே வாய்மை என்று வேறோர் அளவுகோலையும் வைத்திருக்கிறார். அந்த அளவுகோலில், குற்றமற்ற ஒருவரின் பத்தரை ஆண்டுகளைத் தின்ற சொல்லை வாய்மை என்று எப்படிச் சொல்வது? இவ்விரு அளவுகோல்களும் ஒன்றோடொன்று முரணுவதாக இளமையில் எனக்குத் தோன்றியதுண்டு. இப்பொழுது வேறுவிதமாகப் படுகிறது. துறவறவியலில் வாய்மை 30-ஆம் அதிகாரம். மெய்யுணர்தல் 36-ஆம் அதிகாரம். பொருளல்லாததைப் பொருளென்று கொள்ளும் மருட்சியைப் பற்றி வள்ளுவர் பேசுவது இப்பின்னைய அதிகாரத்தில். வாயை நெஞ்சுக்கு உண்மையாக வைத்திருப்பது ஒரு நோன்பு. நெஞ்சைப் பொருளுக்கு உண்மையாக வைத்திருப்பது அதனினும் கடிய நோன்பு. முதலாவதை முடித்தவன் இரண்டாவதையும் முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே நம் வீட்டுச் சண்டைகளுக்கும், ஊர்ச் சண்டைகளுக்கும், பல மன்றங்களில் நிகழ்ந்த அநீதிகளுக்கும் வேர் என்று நான் கருதுகிறேன்.

நம் தர்க்க நூலார் இவ்விஷயத்தில் காட்டிய எச்சரிக்கை வியக்கத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகம், அறிவை அனுபவம் என்றும் ஸ்மிருதி என்றும் முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. உண்மையான அனுபவத்திற்கே பிரமாணங்கள் வகுக்கப்படுகின்றன. ஸ்மிருதியோ முன்பு பதிந்த சம்ஸ்காரத்திலிருந்து மாத்திரம் பிறப்பது என்று தனியே ஒதுக்கப்படுகிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளைக் கொண்ட நம் சைவ சித்தாந்திகளும் நினைவை நான்காம் அளவையாக ஏற்றவர்களல்லர். சமணரோ அதற்கு அளவைகளுள் இடம் கொடுத்தனர். ஆயினும் நாட்டு வழக்கில் நாம் செய்வது என்ன? "நான் கண்ணால் கண்டேன்" என்று சொல்லும்போது காட்சிக்கு உரிய கௌரவத்தை நினைவுக்குக் கொடுத்துவிடுகிறோம். கண்டது அன்று, இன்று இருப்பது கண்டதன் நினைவு. நம் மொழியில் ஓர் அழகான நுட்பம் உண்டு: பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது "வந்தானாம்", "சொன்னாளாம்" என்று ஓர் "ஆம்" சேர்த்து, இதற்கு நான் சாட்சியல்ல என்று வினையின் இறுதியிலேயே அறிவித்துவிடுகிறோம். என் மனம் எனக்குச் சொல்லும் பழங்கதைக்கு அப்படி ஒரு விகுதி இல்லை. அதனால் முப்பதாண்டுக்கு முந்தைய நினைவும் இன்று காலையில் கண்ட காட்சியும் ஒரே இலக்கணத்தோடு வாயிலிருந்து வருகின்றன.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுள் எதுவும் அன்று, அமைச்சர்களோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்பது என்கிறார். மனம் பொருளைப் பற்றி ஐயுறுகிறது, சித்தம் சிந்திக்கிறது, அகங்காரம் "நான்" என்று எழுகிறது, புத்தி நிச்சயிக்கிறது. இந்த உவமையை நான் பலமுறை பிரசங்கங்களில் கேட்டிருந்தும், அஞ்சலட்டை கைக்கு வந்த பிறகே அதன் கூர்மை எனக்குப் புலப்பட்டது. அமைச்சர் கொண்டுவரும் செய்தியைத் தன் கண்ணால் கண்டதாகவே அரசன் எண்ணிக்கொண்டால் நாடு என்னவாகும்? மேலும், சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு என்றும், செம்மலரின் பக்கத்தில் வைத்த படிகம் சிவந்து தோன்றுவதுபோல் என்றும் சித்தாந்தம் சொல்லும். லாஃப்டஸின் மாணவர்கள் ஒரு சொல்லைச் சார்ந்து அதன் வண்ணமானார்கள். மேனாட்டார் இன்று கண்டதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. மெய்கண்டார் தேடியது உயிரின் விடுதலை. சோதனைச்சாலை தேடுவது மனம் இயங்கும் முறை. எத்தனை மாணவர்கள், எந்தச் சொல்லால், எவ்வளவு தவறினார்கள் என்ற கணக்கு நம் நூல்களில் இல்லை. அந்தக் கணக்கு இல்லாமல் எந்த நீதிமன்றமும் தன் முறையைத் திருத்திக்கொள்ளாது. ஆனால், நினைவு என் அமைச்சன், நானல்ல என்று கொள்ளும் மனப்பான்மையைச் சோதனைச்சாலையால் ஒருவனுக்கு ஊட்ட முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இங்கே சிலர் ஒரே தாவாகத் தாவி, அப்படியானால் எல்லாமே மாயை, எதுவும் மெய்யில்லை என்று சொல்லிவிடுவார்கள். அது சோம்பலின் தத்துவம். காட்டன் நிரபராதி என்பது மாயையன்று. என் அத்தை தண்ணீர் வார்த்தாள் என்பதும் மாயையன்று. தவறு தவறென்று தெரிந்ததே, தவறாத வேறொன்று, அஞ்சலட்டையோ சோதனையோ, வந்து மோதியதனால்தான். மருட்சியைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதே மெய் உண்டு என்பதற்குப் பெரிய சான்று.

நினைவு பொருளின் எழுத்தை இழந்தும் அதன் சாரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. வாட்டர்கேட் விவகாரத்தில் ஜனாதிபதி நிக்ஸனின் சட்ட ஆலோசகராயிருந்த ஜான் டீன், 1973 ஜூன் மாதம் செனட் குழுவின்முன் 245 பக்க வாக்குமூலம் படித்தார். பல மாதங்களுக்கு முந்தைய உரையாடல்களை அவர் விவரித்த நுணுக்கத்தைக் கண்டு மனித வடிவான ஒலிப்பதிவுக் கருவி என்று அவரைப் புகழ்ந்தார்கள். அவ்வுரையாடல்கள் நடந்த அறையில் உண்மையான ஒலிப்பதிவுக் கருவியே இருந்தது என்ற செய்தி அடுத்த மாதம் வெளியாயிற்று. பிற்பாடு நைசர் இரண்டையும் வைத்து ஒப்பிட்டு 1981-இல் எழுதினார். 1972 செப்டம்பர் 15-ஆம் நாள் தம்மை உட்காரச் சொன்னதாகவும், நன்றாக வேலை செய்தாய் என்று பாராட்டியதாகவும் டீன் சொன்ன வார்த்தைகளை நிக்ஸன் சொல்லவேயில்லை. அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று டீன் உள்ளூர ஆசைப்பட்டதையே நினைவு நடந்ததாகக் கொடுத்திருக்கிறது. தம் பங்கையும் அவர் பெரிதாக்கிக் கண்டார். ஆனால் ஜனாதிபதி உண்மையை மறைக்க உடந்தையாயிருந்தார் என்ற மூலவிஷயத்தில் டீன் சொன்னது முற்றிலும் சரி. வாக்கியந்தோறும் பிழை, முழுமையில் மெய். டீன் வாய்மை உரைத்தாரா என்ற கேள்விக்கு நான் ஆம் என்றே விடை சொல்வேன். எனினும், அகங்காரம் என்னும் அமைச்சன் தன் பெயரை எந்தெந்த இடங்களில் செருகினான் என்று காட்டிக்கொடுக்க, ஒலிநாடா ஒன்று வேண்டியிருந்தது என்பதை மறவாமல் சொல்வேன்.

மறதியையும் மாற்றத்தையும் குறையென்று மாத்திரம் எண்ணுவதும் பிழை. ரஷ்ய மனோதத்துவ அறிஞர் லூரியா, ஷெரெஷெவ்ஸ்கி என்ற ஒருவரைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்; கேட்ட பட்டியல்களை ஆண்டுகள் கழித்தும் பிழையின்றி ஒப்பிக்கும் அம்மனிதர், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு படமாக எழுந்து மறிக்க, எளிய கதையொன்றின் பொருளைத் தொடர இயலாமல் தவித்தார்; மறப்பதற்கு உபாயம் தேடினார். இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, அதையும் அருளென்றே நம் பெரியோர் கொண்டனர். திரோதானம் என்னும் அந்தக் கருத்து எனக்கு நெடுங்காலம் விளங்காமலிருந்தது. நாங்கள் இருவரும் மரணத்தின் முகத்தைக் காணாமல் அடுத்த வீட்டில் உறங்கினோம் என்ற உண்மையைக் காட்டிலும், தண்ணீர் வார்த்தோம் என்ற எண்ணமே தகப்பனில்லாப் பிள்ளைகளை வளரவைத்தது என்று இன்று நினைக்கும்போது, ஒருவாறு விளங்குகிறது.

ஆயினும் வளர்ந்தவனுக்குக் கடமை உண்டு. நான் இப்பொழுது செய்துவருவது இவ்வளவே: கொடுக்கல் வாங்கலோ, வீட்டில் நடந்த மனத்தாங்கலோ, அன்றிரவே நாட்குறிப்பில் நாலு வரி எழுதிவிடுகிறேன், ஏனெனில் பிறகு எழுதுவது வேறொன்றாகிவிடும், பேரக்குழந்தைகளிடம் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு, பதிலை என் வாயிலிருந்து அவர்கள் வாய்க்குள் போடாமலிருக்க முயல்கிறேன், பழங்கதை சொல்லும்போது "இப்படித்தான் நடந்தது" என்னாமல், "எனக்கு இப்படி நினைவு" என்கிறேன். மறுத்துச் சொல்கிறவரைப் பொய்யர் என்று அழைப்பதில்லை. இவற்றுள் இந்தக் கடைசி ஒன்றே மிகவும் கடினமாயிருக்கிறது.

அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு அன்று மாலையே தம்பி வீட்டிற்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பூசையறையில் அத்தையின் படத்தின் கீழே அதை வைத்துவிட்டு வந்தான். இருவரும் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் என்ன சாப்பிட்டோம், எங்கே படுத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் இருவருக்கும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பித்தளைச் செம்பின் விளிம்பில் அந்த விளக்கின் ஒளி மினுங்குவது இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவன் கண்முன்னும் நிற்கிறதாம்.